12 என்றால் இணைக்கவா, அழிக்கவா? சேமிப்புக் கணினிகள் பேசும் எண்மொழி

கூலாயில் செம்பனை நின்ற நிலத்தில் இப்போது தரவு மையங்கள் நிற்கின்றன. கூலாய் யங் தோட்டத்து நிலத்தில் ஒய்டிஎல் நிறுவனம் தன் பசுமைத் தரவு மையப் பூங்காவை அமைத்து வருகிறது. முழுமை பெறும்போது அது 500 மெகாவாட் மின்சாரம் வரை கையாளும் என்பது திட்டம். அதே மாவட்டத்தில் செடெனாக் தொழில்நுட்பப் பூங்காவும் இருக்கிறது. இந்தக் கட்டடங்களின் மின்சாரம், தண்ணீர், வேலைவாய்ப்பு பற்றி நாளிதழ்கள் நிறையவே எழுதிவிட்டன. எழுத வேண்டியவைதான். இந்த வாரம் நாம் பார்க்கப்போவது அவற்றின் உள்ளே, இரண்டு இயந்திரங்களுக்கு இடையே ஓடும் கம்பியில் என்ன பேச்சு நடக்கிறது என்பதை.

நம் வீட்டு மடிக்கணினியில் கணக்குப் போடும் சில்லும் கோப்புகளைச் சேமிக்கும் வட்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். தரவு மையத்தில் பெரும்பாலும் அப்படி இல்லை. கணிக்கும் கணினிகள் ஓர் அடுக்கில், சேமிப்பு வட்டுகள் வேறோர் அடுக்கில். ஒரு கணினி பழுதானாலும் அதன் தரவு வேறிடத்தில் பத்திரமாக இருக்கும்; வட்டு போதவில்லை என்றால் கணினியைத் தொடாமலே வட்டைக் கூட்டலாம். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. முன்பு பெட்டிக்குள் நடந்த ‘இதைப் படி’, ‘அதை எழுது’ என்ற பேச்சு இப்போது வலையமைப்பு வழியாகச் செய்தியாகப் போய்ச் சேர வேண்டும்.

கம்பியில் போவது வெறும் பைட்டுகள். வழங்கி, அதாவது சர்வர், தனக்கு வந்த பைட்டுகளைப் பார்த்து ‘இது படிக்கும் கோரிக்கையா, எழுதும் கோரிக்கையா?’ என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அதைச் சொல்வதற்காகவே ஒவ்வொரு செய்தியின் தொடக்கப் பகுதியிலும் ஒரு சிறு எண் வைக்கப்படுகிறது. அதுதான் செய்தி வகை எண். இரு தரப்பும் எந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று முன்கூட்டியே உடன்பட்டிருக்க வேண்டும். அந்த உடன்பாட்டு ஆவணத்தை நெறிமுறை என்கிறோம்.

அடையாள அட்டையில் ஒரு முன்பாடம்

உங்கள் மைகாட் அட்டையை எடுத்துப் பாருங்கள். பன்னிரண்டு இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு இலக்கம் பிறந்த இடம். ஜொகூருக்கு 01, கெடாவுக்கு 02, கோலாலம்பூருக்கு 14, லாபுவானுக்கு 15. புத்ராஜெயா 2001இல் கூட்டரசுப் பிரதேசமானது; அதற்கு 16 கிடைத்தது. புதியவர் வந்தார் என்பதற்காகப் பழைய எண் எதையும் யாரும் தள்ளி உட்காரச் சொல்லவில்லை. ஜொகூருக்கு 01 தவிர 21 முதல் 24 வரையும் உண்டு. அதாவது ஒரே பொருளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட எண் இருக்கலாம். ஆனால் ஓர் எண்ணுக்கு இரண்டு பொருள் இருக்கவே கூடாது.

பெயரும் எண்ணும் வேறு வேறு என்பதையும் கூலாய்க்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மாவட்டத்தின் பெயர் கூலாய்ஜெயா என்று ஆகி, 2015இல் மறுபடியும் கூலாய் ஆயிற்று. நகரத்தின் அஞ்சல் குறியீடு 81000 மட்டும் அசையவில்லை. கடிதங்கள் வந்துகொண்டேதான் இருந்தன. நெறிமுறை எழுதுபவர்கள் இந்த இரண்டையும், அதாவது எண்ணைப் புதிதாகச் சேர்ப்பதையும் பழைய எண்ணைத் தொடாமல் விடுவதையும், உயிர்ப் பாடமாகக் கொள்கிறார்கள்.

இருபத்தெட்டு பைட்டுகள்

உண்மையான ஒரு செய்தியைப் பிரித்துப் பார்த்துவிடுவோம். 1997இல் பாவெல் மாசெக் லினக்ஸுக்காக எழுதிய என்பிடி என்னும் நெறிமுறை இதற்கு வசதியானது. ‘வலையமைப்பு வழி வட்டு’ என்று அதன் பெயரைப் புரிந்துகொள்ளலாம். தொலைவில் உள்ள வட்டை, பக்கத்தில் இருப்பதுபோல் காட்டுவது அதன் வேலை. சின்ன நெறிமுறை, அதனால் உள்ளே நடப்பது எல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

அதன் கோரிக்கையின் தலைப்பகுதி 28 பைட்டுகள். முதல் நான்கு பைட்டுகள் எப்போதும் ஒரே மாதிரி இருக்கும்: பதினாறடிமானத்தில் 25 60 95 13. ‘இங்கே ஒரு கோரிக்கை தொடங்குகிறது’ என்பதற்கான முத்திரை அது. அடுத்த இரண்டு பைட்டுகள் கொடிகள், அதாவது கோரிக்கையோடு சேர்ந்த சிறு நிபந்தனைகள். அதற்கடுத்த இரண்டு பைட்டுகள்தான் நம் கதாநாயகன், செய்தி வகை எண். பிறகு எட்டு பைட்டில் ஓர் அடையாளச் சீட்டு எண், எட்டு பைட்டில் வட்டில் எந்த இடத்திலிருந்து என்பது, நான்கு பைட்டில் எவ்வளவு நீளம் என்பது. கூட்டினால் 28.

அடையாளச் சீட்டு எதற்கு? அரசாங்கக் கிளினிக்கில் எண் சீட்டு வாங்குகிறோமே, அதே காரணம்தான். ஒரே நேரத்தில் பல கோரிக்கைகள் போகும். வழங்கி அவற்றை எந்த வரிசையிலும் முடிக்கலாம். பதிலில் அதே சீட்டு எண்ணைத் திருப்பி அனுப்பினால், எது எதற்கான பதில் என்று தெரிந்துவிடும். சுவையான ஒரு செய்தி: இந்தச் சீட்டுக்கு என்பிடி ஆவணம் முன்பு ‘ஹேண்டில்’ என்று பெயர் வைத்திருந்தது, இப்போது ‘குக்கி’ என்கிறது. கம்பியில் போகும் பைட்டில் ஒன்றுகூட மாறவில்லை. கூலாய்ஜெயா கதைதான்.

வகை எண்கள் இவை: 0 என்றால் படி. 1 என்றால் எழுது. 2 என்றால் நான் விடைபெறுகிறேன். 3 என்றால் இதுவரை எழுதி முடித்ததாகச் சொன்னதை எல்லாம் நிலையான சேமிப்பில் உறுதியாகப் பதித்துவிடு. 4 என்றால் இந்த இடம் இனி எனக்குத் தேவையில்லை. 5, விரைவில் கேட்பேன், எடுத்துத் தயாராக வை. 6, இந்த இடம் முழுவதையும் சுழியாக்கு. 7, இந்த இடத்தின் நிலை என்ன என்று சொல். இவற்றில் 2க்கு மட்டும் பதில் வராது. கிளம்பும் ஆளுக்குக் கதவைச் சாத்துவதோடு சரி.

தொடக்கத்தில் வகை எண்ணுக்கு நான்கு பைட் முழுதாக ஒதுக்கியிருந்தார்கள். கொடிகள் என்ற சிந்தனை பின்னால் வந்தது. அதற்கு இடம்? வகை எண்கள் எல்லாமே சிறியவை என்பதால் நான்கு பைட்டில் முன்பாதி எப்போதும் சுழியாகவே போய்க்கொண்டிருந்தது. அந்தப் பாதியைக் கொடிகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். பழைய நிரல்களின் கண்ணுக்கு எதுவும் மாறவில்லை. தாராளமாக இடம் விட்டு வீடு கட்டியவர் பின்னால் ஓர் அறை சேர்த்துக்கொண்டது போல.

இங்கே பைட்டுகளின் வரிசையும் முக்கியம். 1 என்ற எண்ணை இரண்டு பைட்டில் எழுதினால் 00 01. என்பிடி பெரிய இலக்கத்தை முதலில் அனுப்புகிறது. நம் மடிக்கணினிகளில் உள்ள பெரும்பாலான சில்லுகள் சிறியதை முதலில் வைப்பவை. மாற்றி அனுப்ப மறந்த நிரலாளரின் கணினியிலிருந்து 01 00 என்று போகும். எதிர்முனை அதை 256 என்று படிக்கும். 256 என்ற வகையே கிடையாது என்பதால் தவறு உடனே பிடிபடும். ஆனால் படிக்கும் கோரிக்கையின் 0 எப்படித் திருப்பினாலும் 0தான். ஆகவே படித்துப் பார்த்தால் எல்லாம் சரியாக ஓடும். எழுதும்போதுதான் கோளாறு வெளிப்படும். சோதனையில் எழுதும் கோரிக்கையையும் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்று ஆசிரியர்கள் வற்புறுத்துவதற்கு இது ஒரு நல்ல காரணம்.

வகை தெரியாவிட்டால் நீளமும் தெரியாது

என்பிடியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பாடத்தின் நடுப்பகுதி இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

தலைப்பகுதியின் கடைசி நான்கு பைட்டுகள் நீளம் என்றேன். படிக்கும் கோரிக்கையில் அந்த நீளம் ‘எனக்கு இவ்வளவு வேண்டும்’ என்று பொருள்படும். அதற்குப் பின்னால் எதுவும் வராது. அடுத்த 28 பைட்டுகள் அடுத்த கோரிக்கை. எழுதும் கோரிக்கையில் அதே நீளம் ‘இதன் பின்னால் இவ்வளவு தரவு வருகிறது’ என்று பொருள்படும். ஆக, ஒரு செய்தி எங்கே முடிகிறது என்பதே வகை எண்ணைப் பொறுத்தது.

வழங்கியின் நிரலில் ஒரு பிழை இருந்து, 0 என்று வந்ததை 1 என்று எடுத்துக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். நீளம் பத்து லட்சம் பைட் என்கிறது. வழங்கி அந்தப் பத்து லட்சம் பைட்டுக்காகக் காத்திருக்கும். அனுப்பியவரோ படிக்கத்தான் கேட்டார். அவர் பாட்டுக்கு அடுத்தடுத்த கோரிக்கைகளை அனுப்பிக்கொண்டிருப்பார். வழங்கி அந்தக் கோரிக்கைகளையே தரவு என்று நினைத்து விழுங்கி, வட்டில் எழுதிவிடும். படிக்கக் கேட்ட இடத்தில் இருந்த கோப்பு நாசம். இணைப்பும் தடம் புரளும்.

தடம் புரண்டதைக் கண்டுபிடிக்கத்தான் அந்த 25 60 95 13 முத்திரை. எதிர்பார்த்த இடத்தில் முத்திரை இல்லையென்றால் வழங்கி இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும். ஊகித்துத் தேடிப்பிடித்துத் தொடர்வது ஆபத்து.

இதே சிக்கல் புதிய வகை எண்களைச் சேர்க்கும்போதும் எழுகிறது. தரவைச் சுமந்து செல்லும் புதுக் கோரிக்கை ஒன்றைக் கண்டுபிடிக்கிறோம். பழைய வழங்கிக்கு அந்த எண் தெரியாது. ‘எனக்குத் தெரியாது’ என்று பதில் சொல்ல அதற்கு மனம் உண்டு. 22 என்ற பிழை எண்ணை அனுப்பும். ஆனால் பின்னால் தரவு வருகிறதா இல்லையா என்று அதற்கு எப்படித் தெரியும்? அதனால்தான் என்பிடியில் வழங்கி முதலில் தன்னால் என்னென்ன முடியும் என்று கொடி காட்டுகிறது. ‘சுழியாக்கத் தெரியும்’ என்று அது சொல்லாத வரை 6 என்ற எண்ணை அனுப்பவே கூடாது. அண்மையில் சேர்ந்த விரிவாக்கத்தில், ‘இந்த நீளம் பின்னால் வரும் தரவின் நீளம்’ என்று சொல்ல ஒரு தனிக் கொடியே வந்துவிட்டது.

பெல் ஆய்வகத்தில் ‘பிளான் 9’ இயங்குதளத்துக்காக உருவான 9பி நெறிமுறை இதை வேறு விதமாகத் தீர்த்தது. எல்லாச் செய்தியின் முதல் நான்கு பைட்டும் அந்தச் செய்தியின் மொத்த நீளம். ஐந்தாவது பைட்தான் வகை எண். வகை புரியாவிட்டாலும் இத்தனை பைட்டுகளைத் தாண்டினால் அடுத்த செய்தி என்று தெரிந்துவிடும். என் கணிப்பில் இதுவே சிறந்த வழி. புதிதாக நெறிமுறை எழுதுகிறவர்கள் நீளத்தை முதலில் வையுங்கள். வகையைப் புரிந்துகொள்ளாமலே செய்தியின் எல்லை தெரிய வேண்டும்.

எண்ணுக்குள் ஒளிந்திருக்கும் திசை

எண்களை 0, 1, 2 என்று வந்தபடி கொடுத்துக்கொண்டே போகலாம். என்பிடி அப்படித்தான் செய்தது. வேறு சிலர் எண்ணுக்குள்ளேயே பொருளைப் பொதிந்து வைத்தார்கள்.

ஐஸ்கஸி என்ற நெறிமுறை 2004இல் தரப்படுத்தப்பட்டது. அதில் வகை எண்ணுக்கு ஆறு பிட்டுகள், அதாவது 64 எண்கள். கேட்கும் கணினி அனுப்புபவை முதல் 32க்குள். சேமிப்புச் சாதனம் அனுப்புபவை அடுத்த 32க்குள். கட்டளை 1, அதன் பதில் 33. உள்நுழையும் கோரிக்கை 3, பதில் 35. வெளியேறும் கோரிக்கை 6, பதில் 38. ஒரே ஒரு பிட்டைப் பார்த்தால் செய்தி எந்தத் திசையில் போகிறது என்று தெரிந்துவிடும். கேட்கும் கணினிக்கு 32க்குக் குறைவான எண் வந்தால் எங்கோ குளறுபடி. 63 என்பது ‘உன் செய்தியை ஏற்க முடியாது’ என்று திருப்பி அனுப்பும் எண். 28 முதல் 30 வரையும் 60 முதல் 62 வரையும் நிறுவனங்கள் தங்கள் சொந்தத் தேவைக்கு வைத்துக்கொள்ளலாம். ஊர்ப் பொதுநிலத்தில் ஒரு மூலையை விளையாட விட்டது போல. இல்லாவிட்டால் ஒவ்வொரு நிறுவனமும் கண்ணில் பட்ட காலி எண்ணைப் பிடித்துக்கொள்ளும். பிறகு பொது நெறிமுறை அதே எண்ணை வேறொன்றுக்குத் தரும்போது சண்டை வரும்.

9பியில் இரட்டைப்படை எண்கள் எல்லாம் கோரிக்கை, அடுத்த ஒற்றைப்படை எண் அதன் பதில். 100 கேள்வி, 101 பதில். 116 படி, 117 இதோ தரவு. 118 எழுது, 119 எழுதியாயிற்று. 107 என்பது ‘பிழை’ என்ற பதில். அப்படியானால் 106? ‘பிழை’ என்று யாரும் கோரிக்கை அனுப்புவதில்லை. ஆனாலும் அந்த எண்ணுக்குப் பெயர் வைத்து, ‘இது செல்லாது’ என்று குறித்து வைத்திருக்கிறார்கள். பந்தியில் யாரும் உட்காரக் கூடாத ஓர் இலை. வரிசை குலையாமல் இருக்க அந்த ஓர் எண்ணைத் தியாகம் செய்தார்கள்.

இன்றைய அதிவேக வட்டுகளின் மொழி என்விஎம்இ. அதை வலையமைப்பு வழியாகக் கொண்டுசெல்லும் டிசிபி வடிவம் 2018இல் வந்தது. செயற்கை நுண்ணறிவுக் கணிப்புக்கு வேண்டிய தரவை அள்ளித்தரும் சேமிப்பு அமைப்புகளில் இந்தக் குடும்பத்து நெறிமுறைகள் பரவலாகப் பயன்படுகின்றன. அதிலும் அதே இரட்டை, ஒற்றை முறைதான். 6 என்றால் கணினியிலிருந்து வட்டுக்குத் தரவு. 7 என்றால் வட்டிலிருந்து கணினிக்குத் தரவு. ‘நான் தயார், தரவை அனுப்பு’ என்று வட்டுத் தரப்பு சொல்லும் செய்திக்கு எண் 9. அடுத்த காலி எண் 8 ஆயிற்றே என்று கேட்கலாம். 8 இரட்டைப்படை, அது கணினி பேசும் எண். பேசுவது வட்டு என்பதால் 8ஐத் தாண்டி 9ஐக் கொடுத்தார்கள்.

அதே என்விஎம்இயின் கட்டளை எண்களில் இன்னும் நுட்பமான வேலை. எழுது என்பதற்கு 1, படி என்பதற்கு 2. இவற்றை இரும எண்ணாக எழுதிப் பாருங்கள்: 01, 10. கடைசி இரண்டு பிட்டுகளே தரவு போகும் திசையைச் சொல்கின்றன. 01 என்றால் வட்டை நோக்கி, 10 என்றால் வட்டிலிருந்து, 00 என்றால் தரவே இல்லை. சுழியாக்கும் கட்டளையின் எண் 8; இருமத்தில் 1000. கடைசி இரண்டும் 00. சுழியாக்கத் தரவு அனுப்ப வேண்டியதில்லையே! தெரியாத கட்டளை வந்தால்கூட, தரவு எந்தப் பக்கம் போகும் என்று எண்ணைப் பார்த்தே சொல்லிவிடலாம். மேலே என்பிடி பட்ட பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் கவனித்திருப்பீர்கள். என்பிடியில் 0 படி, 1 எழுது. என்விஎம்இயில் 1 எழுது, 2 படி. எந்த நெறிமுறை என்று தெரியாமல் வெறும் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

அதே எண், வேறு பதிப்பு

கோப்புப் பகிர்வுக்கு மிகப் பழைய, இன்றும் உயிரோடிருக்கும் நெறிமுறை என்எஃப்எஸ். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கியது. அதன் இரண்டாம் பதிப்பின் ஆவணம் 1989இல் வெளிவந்தது. மூன்றாம் பதிப்பு 1995இல். இரண்டாம் பதிப்பில் 3 என்ற எண் ஏற்கெனவே வழக்கொழிந்த ஒரு செயலுக்கு உரியது. 7 எதிர்காலத்துக்கென்று வைத்திருந்தது. பயன்படாத அந்த எண்களை அந்தப் பதிப்பு வேறு எதற்கும் கொடுக்கவில்லை.

மூன்றாம் பதிப்பு எழுதியவர்கள் மொத்த வரிசையையும் புதிதாக அடுக்கினார்கள். விளைவு: இரண்டாம் பதிப்பில் 12 என்றால் ‘இந்தக் கோப்புக்கு இன்னொரு பெயர் கொடுத்து இணை’. மூன்றாம் பதிப்பில் 12 என்றால் ‘இந்தக் கோப்பை அழி’.

படிக்கும்போதே வயிற்றைக் கலக்குகிறது அல்லவா? ஆனாலும் அவர்கள் செய்தது தவறல்ல. என்எஃப்எஸ்சின் ஒவ்வோர் அழைப்பிலும் மூன்று எண்கள் சேர்ந்தே போகின்றன: நிரல் எண் 100003, பதிப்பு எண், செயல் எண். ‘100003, 2, 12’ வேறு. ‘100003, 3, 12’ வேறு. மூன்றும் சேர்ந்ததுதான் முழுப்பெயர். தெருவின் பெயரைச் சொல்லாமல் ‘12ஆம் எண் வீடு’ என்றால் அஞ்சல்காரர் என்ன செய்வார்? பதிப்பு எண்ணைப் பார்க்காமல் செயல் எண்ணை மட்டும் பார்க்கும் நிரலை எழுதினால்தான் ஆபத்து. அப்போதும் பின்வரும் பைட்டுகளின் அமைப்பு வேறு என்பதால் பெரும்பாலும் பிழை என்றே முடியும். ஆனால் பெரும்பாலும் என்ற சொல்லை நம்பி யாரும் தங்கள் கோப்புகளை ஒப்படைப்பதில்லை.

மருத்துவமனைகளை நிறுத்திய எண் மாறாட்டம்

2017 மே 12ஆம் தேதி வானாகிரை என்ற தீநிரல் உலகெங்கும் பரவியது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் கணினிகள் பூட்டப்பட்டு, நோயாளிகளின் சந்திப்புகள் தள்ளிப்போயின. அந்தத் தீநிரல் நுழைந்த வாசல், விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் எஸ்எம்பி நெறிமுறையின் முதல் பதிப்பைக் கையாண்ட நிரல். அந்த வாசலில் இருந்த ஓட்டைகளில் ஒன்று, நாம் பேசிக்கொண்டிருக்கும் செய்தி வகை எண் பற்றியதே.

எஸ்எம்பியின் முதல் பதிப்பில் கட்டளைகள் நூற்றுக்கும் மேல். அவற்றில் ஒரே மாதிரி வேலை செய்யும் இரண்டு: வகை 50, வகை 160. பழைய 50இல் தரவின் நீளத்தைக் குறிக்க இரண்டு பைட்தான் இடம், அதிகபட்சம் 65,535. புதிய 160இல் நான்கு பைட், எவ்வளவோ பெரிதாகலாம். தரவு ஒரே செய்தியில் அடங்காவிட்டால் மிச்சத்தைத் தொடர்ச்சிச் செய்திகளாக அனுப்ப வேண்டும். 50இன் தொடர்ச்சி 51. 160இன் தொடர்ச்சி 161.

160இல் தொடங்கிவிட்டு 51இல் முடித்தால் என்ன ஆகும்? நிராகரித்திருக்க வேண்டும். விண்டோஸ் நிரல் நிராகரிக்கவில்லை. கடைசியாக வந்த செய்தியின் வகையை வைத்து, மொத்தத்தையும் 50ஆம் வகை என்று முடிவுசெய்தது. இதனால் 65,535க்கு மேல் போகவே முடியாது என்று நம்பி எழுதப்பட்ட நிரல் பகுதிக்குள், அதைவிடப் பெரிய தரவு நுழைந்தது. அங்கே இரண்டாவது பிழை காத்திருந்தது: நான்கு பைட் நீளத்தைத் திருத்தும்போது இரண்டு பைட்டை மட்டும் திருத்தியது. நீளம் தப்பாகி, சிறிய இடத்தில் பெரிய தரவு கொட்டி வழிந்தது. வழிந்த இடத்தில் தாக்குபவரின் நிரல் உட்கார்ந்துகொண்டது.

மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு மார்ச் 14ஆம் தேதியே திருத்தம் வெளியிட்டிருந்தது. அதைப் பொருத்தாத கணினிகள்தான் இரண்டு மாதம் கழித்து விழுந்தன. 2006இல் வந்த எஸ்எம்பி இரண்டாம் பதிப்பு, நூற்றுக்கும் மேற்பட்ட அந்தக் கட்டளைகளைப் பத்தொன்பதாகச் சுருக்கியிருந்தது. எண்கள் 0 முதல் 18 வரை. வகைகள் குறைந்தால் ஒன்றுக்கொன்று குறுக்கே போகும் சந்துகளும் குறையும். முதல் பதிப்பா, இரண்டாம் பதிப்பா என்பதைச் செய்தியின் முதல் பைட்டே சொல்லிவிடும்: 255 என்றால் பழையது, 254 என்றால் புதியது.

பள்ளிக்கு ஒரு நெறிமுறை

ஒரு தமிழ்ப்பள்ளியின் கணினி அறையில் முப்பது கணினிகளும் ஒரு சேமிப்புப் பெட்டியும் இருப்பதாகக் கொள்வோம். மாணவர்களின் பயிற்சிகளை அதில் வைத்து எடுக்க நாமே ஒரு நெறிமுறை எழுதலாம். தாளும் பென்சிலும் போதும்.

0ஐ யாருக்கும் கொடுக்க வேண்டாம். நிரலாளர் எண்ணை நிரப்ப மறந்தால் அந்த இடத்தில் பெரும்பாலும் 0தான் இருக்கும். 0 வந்தால் ‘நிரப்ப மறந்துவிட்டாய்’ என்று பெட்டி சொல்லட்டும். என்பிடி 0ஐப் படிப்பதற்குக் கொடுத்திருக்கிறதே என்றால், அங்கே குறைந்தபட்சம் தீங்கற்ற செயலுக்குக் கொடுத்தார்கள். அழிக்கும் செயலுக்கு 0 கொடுத்திருந்தால் நிலைமை என்ன?

இரட்டைப்படை கோரிக்கை, ஒற்றைப்படை பதில் என்று 9பியைப் பின்பற்றுவோம். 2 வணக்கம் சொல்லிப் பதிப்பு எண்ணைக் கேட்க, 4 படிக்க, 6 எழுத, 8 பட்டியல் கேட்க. அழிப்பதை இவற்றோடு ஒட்டி வைக்காமல் தள்ளி, 40இல் வைக்கலாம். 4ஐத் தட்டும்போது விரல் தவறி 6 ஆனால் சங்கடம். அழிப்பதாக ஆகிவிடக் கூடாது. 200க்கு மேல் உள்ளவை சோதித்துப் பார்க்க மட்டும். பள்ளிக்கு வெளியே போகக் கூடாது. தெரியாத எண் வந்தால் பெட்டி மௌனமாக இருக்கக் கூடாது, ஊகிக்கவும் கூடாது. 255 என்ற பதிலில் ‘இந்த எண் எனக்குத் தெரியாது’ என்று வந்த எண்ணையும் சேர்த்துத் திருப்பி அனுப்ப வேண்டும்.

அடுத்த ஆண்டு ‘பட்டியல் கேட்பது’ தேவையில்லை என்று முடிவாகலாம். அப்போது 8ஐ வேறு எதற்கும் கொடுக்காமல், பட்டியலில் கோடு போட்டு ‘ஓய்வு பெற்றது’ என்று எழுதி வையுங்கள். மூலைக் கணினி ஒன்றில் பழைய நிரல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் கணினி 8 என்று அனுப்பும்போது, பெட்டி அதற்கு வேறு பொருள் வைத்திருந்தால் யாரோ ஒரு மாணவரின் கட்டுரை போய்விடும்.

கடைசியாக ஒரு பயிற்சி. கீழே உள்ளது என்பிடி கோரிக்கையின் 28 பைட், பதினாறடிமானத்தில். விடையைப் பார்க்காமல் பிரித்துப் பாருங்கள்.

25 60 95 13
00 01
00 01
00 00 00 00 00 00 00 07
00 00 00 00 00 00 10 00
00 00 02 00

முத்திரை சரி. கொடியில் கடைசி பிட் 1. ‘நிலையான சேமிப்பில் உண்மையிலேயே பதிந்த பிறகுதான் பதில் சொல்ல வேண்டும்’ என்று பொருள். வகை எண் 1, எழுது. சீட்டு எண் 7. தொடக்க இடம் பதினாறடிமானத்தில் 1000, நம் கணக்கில் 4,096. நீளம் 200, நம் கணக்கில் 512. எழுதும் கோரிக்கை என்பதால் இதன் பின்னால் 512 பைட் தரவு வரும்; கம்பியில் மொத்தம் 540 பைட். எல்லாம் நல்லபடி முடிந்தால் வழங்கியிலிருந்து 16 பைட் பதில் வரும்: பதிலுக்கான முத்திரை 67 44 66 98, பிழை இல்லை என்பதற்கு நான்கு சுழி பைட்டுகள், பிறகு அதே சீட்டு எண் 7.